குளிர்மலையில் வயிற்றைக் கெடுக்காமல் சாப்பிடுவது எப்படி: பழனி மலை வீடுகளுக்கு

கொடைக்கானலைச் சுற்றியுள்ள நம் பழனி மலையில் காய்கறிக்குப் பஞ்சம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் பூண்டு, மன்னவனூர்ப் பக்கம் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் சௌசௌ, மலைவாழை, பட்டர் ஃப்ரூட், காப்பி. எல்லாம் மூட்டை மூட்டையாக ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் மதுரைக்கும் போகிறது. லாரி மலை இறங்கிய பிறகு, அதே தோட்டக்காரர் வீட்டுச் சட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளைச் சோறு, தெளிவாக ஒரு ரசம், ஒரு துண்டுக் கருவாடு, ஊறுகாய். காய் என்று பேருக்கு நாலு பீன்ஸ் மிதந்தால் பெரிய விஷயம்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில், குழந்தையின் எடையைக் குறித்த கையோடு அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். பல பேருக்கு அது பிடிக்காது. இப்போது அதே ஆட்கள் "நர்ஸம்மா, நெஞ்சு எரிகிறது", "நர்ஸம்மா, மூலம் வந்திருக்கும் போல இருக்கிறது" என்று என் வாசலில் வந்து உட்காருகிறார்கள். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை. அடுப்பங்கரையில் எதை எப்படி மாற்றலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுப் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு அல்லது பயறு வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ காய். வாரத்துக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல். மூட்டை கட்டும்போதே அந்த 11 கிலோவைத் தனியாக எடுத்து வையுங்கள். மீந்ததை வீட்டுக்கு வைத்துக்கொள்வோம் என்று நினைத்தால் மிஞ்சாது. விலை ஏறிய வாரத்தில் நிச்சயம் மிஞ்சாது. இரண்டாகப் பிளந்த கேரட், கால் முளைத்தது போல வளைந்த கேரட், முற்றிய பீன்ஸ் இவற்றைச் சந்தையில் ஒதுக்கிவிடுவார்கள். வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முற்றிய பீன்ஸை உரித்து விதையைப் பயறாகச் சமைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு, பிறகு சொல்கிறேன். உருளைக்கிழங்கை இந்தக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சோற்றின் கட்சி.

காயும் பயறும் இவ்வளவு எதற்கு என்றால், நார்ச்சத்துக்காக. நார்ச்சத்தை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே ஒரு பங்கு நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. இன்னொரு பங்கை அங்கு குடியிருக்கும் நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்து உண்கின்றன. அப்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற பொருள்தான் பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். நார் குறைந்த சாப்பாட்டில் மலம் இறுகும், முக்க வேண்டி வரும், மூலமும் ஆசனவாய் வெடிப்பும் பின்னாலேயே வரும். அதைவிடப் பெரிய விஷயம் பெருங்குடல் புற்றுநோய். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளியான ஒரு கணக்கின்படி, தினமும் கூடுதலாக 10 கிராம் நார்ச்சத்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவு.

ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராம் கூடத் தேறாது. அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம். ஆகையால் வெள்ளைச் சோற்றை முழுதாக நிறுத்த வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் கேழ்வரகுக் களி அல்லது அடையாக மாற்றுங்கள். குளிரில் சூடான களியும் கீரைக் குழம்பும் இறங்குவது போல வேறு எதுவும் இறங்காது என்பது என் கட்சி. என் மருமகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள், அவளுக்குச் சப்பாத்தி. பரவாயில்லை, சலிக்காத கோதுமை மாவில் செய்தால் அதுவும் நல்லதுதான்.

மாற்றத்தை மெதுவாகச் செய்யுங்கள். ஒரே வாரத்தில் களி, பயறு, கொய்யா, கீரை என்று எல்லாவற்றையும் இறக்கினால் வயிறு உப்பி, "நர்ஸம்மா சொன்னதைக் கேட்டேன், காற்றுதான் மிச்சம்" என்று திட்டுவீர்கள். முதல் வாரம் காயைக் கூட்டுங்கள். அடுத்த வாரம் பயறு. அதற்கும் அடுத்து களி. குடல் நுண்ணுயிரிகள் புதுச் சாப்பாட்டுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நாரோடு தண்ணீரும் சேர வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும்.

குக்கர் இல்லாமல் பயறு வேண்டாம்

கீழே சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர் உயரம். இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் ஒரு டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் "எங்கள் வீட்டில் வெந்த பருப்பு இங்கே வேகவில்லையே" என்று தவிப்பதற்குக் காரணம் பருப்பு அல்ல, மலை.

பருப்பு அரைவேக்காடாக இருந்தால் வாயுத் தொல்லையோடு போகும். சிவப்பு ராஜ்மா வகை விதைகளில் ஆபத்தே இருக்கிறது. அவற்றில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத நாலைந்து விதை சாப்பிட்டாலே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பிறகு வயிற்றுப்போக்கும் வரும். 80 டிகிரிக்கும் கீழே, விறகடுப்பின் ஓரத்தில் மெதுவாக வெந்தால் அந்த நச்சு குறைவதற்குப் பதில் கூடக்கூடச் செய்யும். தோட்டத்தில் முற்றிய பீன்ஸ் விதைக்கும் இதே மரியாதையைக் கொடுங்கள்.

செய்முறை இதுதான். இரவு முழுக்க ஊற வையுங்கள், குறைந்தது ஐந்து மணி நேரமாவது ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வயிற்றில் காற்றுப் பிடிக்க வைக்கும் சர்க்கரை வகைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு குக்கரில் வையுங்கள். மூடிய குக்கருக்குள் நம் மலையிலும் 115 டிகிரிக்கு மேல் ஏறும். விசில் கணக்கைக் கீழேயிருக்கும் உறவினரிடம் கேட்டு நம்பாதீர்கள். ஒரு விதையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். மாவாக மசிந்தால் இறக்குங்கள், நடுவில் கட்டி தட்டுப்பட்டால் மறுபடியும் மூடுங்கள்.

குடிதண்ணீருக்கும் இதே கதை. 93 டிகிரியும் கிருமிகளைக் கொல்லப் போதும், ஆனால் நேரம் வேண்டும். 2000 மீட்டருக்கு மேலே இருக்கிற வீடுகளில், தண்ணீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் அடுப்பில் விடுங்கள். குமிழி வந்த உடனே அணைப்பது கேஸ் மிச்சம், டைஃபாய்டு செலவு.

குளிரில் தயிர் உறைய, மாவு பொங்க

தயிர், இட்லி, பழைய சோறு என்று நம் சாப்பாட்டில் புளித்தவை நிறைய. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் நம் பக்கம் அதிகம். பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தயிரின் பாக்டீரியாக்கள் முன்பே தின்றுவிடுவதுதான். மாவு புளிக்கும்போது உளுந்தில் உள்ள வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் குறைகின்றன. ஆனால் மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் பனி உறைகிறபோது தயிர் எங்கே உறையும்? பலர் கடையில் சோடா உப்பு வாங்கி மாவில் போட்டுவிடுகிறார்கள். இட்லி உப்பும், ஆனால் மாவு புளிக்கவில்லை. உடம்பில் சேருகிற சோடியம் மட்டும் கூடுகிறது.

தயிருக்கு: பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் விட்டால் சூடு தாங்கும் அளவுக்கு ஆற விடுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உறைமோர் குளிர்ந்திருந்தால் அதையும் கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் வைத்திருங்கள். உறை ஊற்றியதும் ஹாட் பாக்ஸில் வைத்து மூடி, அதை அரிசிப் பானைக்குள் புதைத்துக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். எட்டு மணி நேரத்தில் உறையாவிட்டால் இன்னும் நாலு மணி நேரம் பொறுங்கள், நடுவே திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.

மாவுக்கு: அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள், வெந்தயம் ஒரு ஸ்பூன் சேருங்கள். அரைக்கும்போதும் பச்சைத் தண்ணீர் வேண்டாம். அரைத்த மாவைக் கையால் நன்றாகப் பிசைந்து கலக்குங்கள். மாவுப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, அணைந்த விறகடுப்புக்குப் பக்கத்தில் விடுங்கள். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவுக்கு இங்கே முழு இரவும் அடுத்த பகலும் ஆகலாம். அதற்குத் தகுந்தாற்போல் ஒரு நாள் முன்னாலேயே அரையுங்கள்.

பழைய சோற்றுக்கு ஒரு வார்த்தை. ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் நார்ச்சத்து போல நடந்துகொள்ளும் வடிவத்துக்கு மாறுகிறது, அது குடலுக்கு நல்லது. ஆனால் சோற்றை ராத்திரி முழுக்கக் கனத்த அலுமினியப் பாத்திரத்தில், கணப்பு உள்ள அடுப்பின் மேல் விட்டுவைத்தால், அதில் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது விடும் நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி, பிறகு தண்ணீர் ஊற்றி, குளிர்ந்த மூலையில் வையுங்கள். பிசுபிசுவென்று வாடை மாறியிருந்தால் மாட்டுக்கும் வேண்டாம்.

டீ, எரிச்சல், கால் வலி மாத்திரை

அதிகாலையில் அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அப்படியே ஊற்றிக்கொள்வது இந்த மலையின் வீரம். குளிரில் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்று அவசரம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் சொன்னது இது: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும். டீயோ காப்பியோ குற்றவாளி அல்ல, சூடுதான். டம்ளரை வெறுங்கையால் முழுதாகப் பிடிக்க முடியாவிட்டால் வாயில் வைக்காதீர்கள். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றும் பழக்கம் நம் பாட்டிகளுடையது, அதையே தொடரலாம். புகையிலை போட்ட வெற்றிலையும் பீடியும் சாராயமும் சேர்ந்துவிட்டால் அந்தக் குழாய்க்கு வரும் கேடு பல மடங்கு. குளிருக்குச் சாராயம் மருந்து என்கிற பேச்சை நான் இந்த வயதிலும் கேட்கிறேன். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. குடித்தவருக்குச் சூடாகத் தோன்றும், உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருக்கும். கல்லீரல், கணையம், பெருங்குடல் என்று அது விட்டுவைக்கிற இடம் குறைவு.

தாண்டிக்குடி காப்பிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அளவாகக் காப்பி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் நோய்கள் குறைவாக வருகின்றன என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் மட்டும் சாப்பிட்ட பிறகு குடிக்கலாம்.

நெஞ்செரிச்சலுக்கு இந்த மலையில் பெரிய காரணம் கம்பளி. எட்டரை மணிக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் பயந்து எட்டே முக்காலுக்குப் படுத்துவிடுகிறார்கள். இரைப்பை நிறைந்திருக்கும்போது படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும். ஆறு மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடியுங்கள். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். பசித்தால் பிறகு ஒரு மலைவாழைப்பழம். இரவில் எரிச்சல் உள்ளவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்குக் கட்டை கொடுங்கள், இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும்.

வயிற்றுப் புண்ணுக்கு மிளகாய் மேல் பழி போடுகிறார்கள். எரிச்சல் உள்ளவருக்குக் காரம் எரிச்சலைக் கூட்டும், அது உண்மை. புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதைக் கண்டுபிடித்தபோது ஒருவரும் நம்பவில்லை. அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று கேட்டார்கள். மார்ஷல் 1984இல் அந்தப் பாக்டீரியாவை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட காலம் தங்கினால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது காரணமாகிறது. மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ கண்டுபிடித்து, டாக்டர் தரும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை முழுதாகச் சாப்பிட்டால் தீரும். எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, வலி மாத்திரை. சரிவில் நாள் முழுக்கக் குனிந்து கேரட் பிடுங்கினால் இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? கடையில் பெயர் சொல்லாமல் "வலி மாத்திரை" என்று வாங்கி, காலையில் வெறும் டீயோடு முழுங்குகிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை இரைப்பையின் பாதுகாப்புச் சளிப்படலத்தைக் குறைக்கின்றன. வெறும் வயிற்றில் தினம் தினம் போனால் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம். வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் அந்த ஆபத்து முழுதாக நீங்காது, ஏனென்றால் மாத்திரை ரத்தத்தில் கலந்தும் அதே வேலையைச் செய்கிறது. தினமும் வேண்டியிருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கருவாடும் உப்புக்கண்டமும்

புது மீன் மலை ஏறி வருவதற்குள் கண் வெளுத்துவிடும் என்பதால் நமக்குக் கருவாடு பழகிவிட்டது. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கூடை முன்னால் நிற்கும் கூட்டத்தில் நானும் நிற்பேன், மறைக்கவில்லை. உப்பில் பதப்படுத்திய உணவை அதிகமாகச் சாப்பிடுவது இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஹெலிகோபாக்டர் உள்ள இரைப்பையில் உப்பு இன்னும் கெடுதல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் மட்டம் தட்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றிலும் உள்ள உப்பு இதற்குள்தான் அடங்க வேண்டும். கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊற வைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள், வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். கருவாடு வைத்த நாளில் ஊறுகாய் வேண்டாம்.

அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கும் உப்புக்கண்டமும் பதப்படுத்திய இறைச்சிதான். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் அறிவித்தது. தினமும் என்ற சொல்லைக் கவனியுங்கள். திருவிழாவுக்கு ஒரு முறை சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை.

பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் குடல் எரிச்சல் நோய் உள்ள சிலருக்கு, அதாவது அடிக்கடி வயிறு வலித்து, உப்பி, ஒரு நாள் இறுகி மறுநாள் இளகுகிறவர்களுக்கு, பூண்டும் வெங்காயமும் பேரிக்காயும் ஆகாது. அவற்றில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் வாயுவாகின்றன. அவற்றை இரண்டிலிருந்து நாலு வாரம் குறைத்துப் பாருங்கள். நிம்மதி தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது குற்றவாளி என்று கண்டுபிடியுங்கள். எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்குவது தவறு. பூண்டு வாசனை இல்லாமல் இருக்க முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது: முழுப் பற்களை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். தொல்லை தரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது, வாசனை மட்டும் இறங்கும். அந்த எண்ணெயை அன்றே செலவழித்துவிடுங்கள். ஜாடியில் சேர்த்து வைக்கக் கூடாது. பூண்டு எண்ணெயில் கொடிய கிருமி வளரக்கூடும்.

மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதே பேரிக்காயும் பிளம்ஸும் நல்ல மருந்து. சார்பிட்டால் என்ற சர்க்கரை மலத்தை இளக்கும். ஒன்றிரண்டு போதும், மரத்தடியில் உட்கார்ந்து கூடையைக் காலி செய்யாதீர்கள். பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி வாழை இருக்கிறதே, அதுவும் நார்தானே என்று என்னிடம் வாதாடியவர் உண்டு. அதிலுள்ள வெல்லத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அளவாகச் சாப்பிடட்டும்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

குளிரில் தாகம் தெரியாது, அதனால் எல்லாரும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். பெண்கள் குறைப்பதற்குக் காரணம் வேறு. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை. காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொள்வதற்காக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்களை எனக்குத் தெரியும். மலம் வரும் உணர்வை அடக்க அடக்க அது மேலும் இறுகும், பிறகு அந்த உணர்வே மங்கிவிடும். இதற்குச் சாப்பாட்டில் மட்டும் தீர்வு இல்லை. தோட்டக்காரர்களே, கூலி கொடுப்பது போல ஒரு மறைப்பும் ஒரு குழியும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுங்கள். அதுவரை பெண்கள் செய்யக்கூடியது: எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்து, காலைச் சாப்பாடு முடித்த பிறகு பத்து நிமிடம் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாக அசையும், அந்த நேரத்தை வேலைக்காக விடாதீர்கள். மேற்கத்திய கழிப்பறை உள்ள வீடுகளில் காலுக்கு அடியில் சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் போனால் தண்ணீர் போதுகிறது, மஞ்சள் அடர்ந்தால் போதவில்லை.

பச்சைக் கேரட்டும் வயிற்றுப்போக்கும்

பிடுங்கிய கேரட்டை மேல்சட்டையில் துடைத்துக் கடிப்பது இங்கே குழந்தைகளின் உரிமை. மண்ணில் மனிதக் கழிவு கலந்திருந்தால் புழு முட்டைகள் அப்படியே வயிற்றுக்குப் போகும். நாடாப்புழு முட்டை சில சமயம் மூளைவரை போய்க் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவரும். ஓடையில் கழுவியது கழுவியதாகாது. நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிக் கொடுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவிர்க்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. பாக்கெட் ஓ.ஆர்.எஸ். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டம் தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவை மாற்றாதீர்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தைகளுக்கு அரசு சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள். போக்கு நின்றாலும் 14 நாள் முழுதாகக் கொடுங்கள்.

எப்போது மலை இறங்க வேண்டும்

இவ்வளவு நேரம் அடுப்பைப் பற்றிப் பேசினேன். சில அறிகுறிகளுக்கு அடுப்பில் வைத்தியம் இல்லை. விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், மஞ்சள் காமாலை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்று வலி, ஐம்பதை நெருங்குகிறவர்களுக்குப் புதிதாக மாறிய மலப் பழக்கம், ஆண்களுக்கு வரும் ரத்தசோகை. இவற்றில் எது இருந்தாலும் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆகையால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கடையில் வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரை, கேஸ் மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் மறந்துபோனால் "அந்த மஞ்சள் மாத்திரை" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அதை வைத்து எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.